தனியா ஏன் போன?

"அந்த ரூமுக்குத் தனியா ஏன் போன?"

மாதுமை தலையைத் தூக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் சரளா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு சாத்தியிருந்தது. வெளியே மத்தியான மழை தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது.

"உன்னத்தான் கேக்குறேன். நீ என்ன சின்னப் பிள்ளையா? இருபத்தொரு வயசாகுது."

"புரோஜெக்ட்டுல சுகுமார் சார் கையெழுத்துப் போடணும், மேடம். இல்லன்னா செமஸ்டர் போயிரும். நாலு மணிக்கு லேப்புக்கு வான்னு அவருதான் சொன்னாரு."

"கூட்டாளி யாரையாவது கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

"எல்லாரும் முன்னாடியே வாங்கிட்டாங்க. எனக்கு மட்டும் இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்துக்கிட்டே இருந்தாரு."

"சரி. உள்ள போனதும் என்ன நடந்துச்சு?"

"கதவப் பூட்டினாரு."

"அப்புறம்?"

மாதுமை தன் தோளைத் தொட்டுக் காட்டினாள். "இங்க புடிச்சாரு. அப்புறம்..."

"சத்தமாச் சொல்லு. காதுல விழல."

அவள் சொன்னாள். அவர் சுவரோடு சேர்த்துத் தள்ளியதை, வாயைப் பொத்தியதை, எங்கிருந்தோ பலம் வந்து தான் அவரை உதைத்துவிட்டுப் பூட்டைத் திறந்ததை, காலிலிருந்து கழன்ற ஒரு சப்பாத்தை அங்கேயே விட்டுவிட்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓடியதை.

சரளா எழுதிக்கொண்டே கேட்டாள். "கத்தினியா?"

"வாயப் பொத்தியிருந்தாரு."

"வெளிய வந்தப்புறம் கத்தலாமே?"

"பயமா இருந்துச்சு, மேடம்."

"பதினோரு நாளும் பயமா? மறுநாளே அவரு கிளாஸ்ல போயி உக்காந்திருக்க. வருகைப் பதிவுல உன் பேரு இருக்கு."

"வரலன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்க."

அந்தப் பதினோரு நாளும் அவள் வீட்டுக்கு நடந்து போனதே இல்லை, ஓட்டம்தான். லகாட் ஊருக்குப் பக்கத்தில், பழைய தோட்டத் தொழிலாளர் லயத்தில்தான் வீடு. செம்பனை மரங்களுக்கு நடுவே போகிற அந்த மண் சாலையில் பின்னால் ஒரு காடி வரும் என்ஜின் சத்தம் கேட்டாலே போதும், கால்வாய்க்குள் இறங்கி ஒளிந்துகொள்வாள். காடி தாண்டிப் போன பிறகு ஏறி ஓடுவாள். அதையெல்லாம் எந்தப் பதிவில் எழுதுவார்கள்?

சரளா ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினாள். மாதுமை சுகுமாருக்கு அனுப்பிய செய்தியின் நகல். 'தேங்க் யூ சார்' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

"இது நீ அனுப்பினதுதானே?"

"ஆமா. அதுக்கு மொத நாள்."

"சிரிச்சு மெசேஜ் போட்டா ஆம்பள என்ன நெனச்சுக்குவாரு? இடம் கொடுத்தது யாரு? அவருக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு. பேரு கெட்டா யாரு பொறுப்பு?"

அந்த நேரம் பார்த்து மாதுமையின் கைப்பேசி துடித்தது. தெரியாத எண்.

'யோசிச்சுப் பேசு. உன் தங்கச்சியும் அடுத்த வருசம் இங்கதானே சேரப் போவுது.'

மாதுமை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"என்னால முடியாதுலா. புகார வாபஸ் வாங்கிக்கிறேன். விட்ருங்க."

"போலாம். யாரும் புடிச்சு வைக்கல" என்றாள் சரளா, தாளைப் பார்த்தபடியே. "பொய்ப் புகார்னு எழுதிட்டா வேலை முடிஞ்சுது."

மாதுமை கதவுவரை போய்விட்டாள். கைப்பிடியில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். தங்கச்சி முகம் கண்ணுக்குள் வந்தது. அந்த லேப், அந்த நாலு மணி, அந்தப் பூட்டுச் சத்தம்.

திரும்பி வந்தாள். உட்காரவில்லை.

"நாலு சாருக்குத் தேங்க் யூ அனுப்பினேன், மேடம். நாலு பேருக்கும் இதே சிரிப்புதான். அவரு ஒருத்தருதான் கதவப் பூட்டினாரு." கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். "இப்ப வந்த இதையும் படிங்க. படிச்சிட்டுச் சொல்லுங்க, இடம் கொடுத்தது யாருன்னு."

சரளாவின் கையிலிருந்து பேனா விழுந்தது. மேசையைச் சுற்றி ஓடிவந்து அவளை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"இதுதான்டி! நாளைக்குக் காலேஜ் விசாரணையில மூணு பேரு உக்காந்திருப்பாங்க. மலாய்ல கேப்பாங்க. இப்படியே நிமிந்து நின்னு சொல்லு. அந்த மெசேஜையும் காட்டு."

மாதுமை அவள் தோளில் முகம் புதைத்து அழுது தீர்த்தாள். ஜெலாப்பாங்கில் ஓர் அலுவலகத்தில் கிராணி வேலை பார்க்கும் சரளா, பஸ்ஸில் அழுதுகொண்டிருந்தவளிடம் தானாக வந்து பேசியவள். புகாரை எழுத வைத்து, இன்று ஒத்திகைக்காகச் சிலிபினில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தவளும் அவள்தான்.

"நெசமாவே இவ்வளவு அசிங்கமாக் கேப்பாங்களாக்கா? இதெல்லாம் எப்படித்தான் யோசிச்சீங்க?"

சரளா கீழே கிடந்த பேனாவை எடுத்து மூடினாள்.

"ஒண்ணுகூட நான் யோசிச்சது இல்ல, மாதுமை. ஆறு வருசத்துக்கு முன்னாடி நானும் அங்க படிச்சப்ப, அதே சுகுமார் விசயத்துல, அதே விசாரணை ரூம்ல, என்கிட்ட கேட்டது. என்னாலதான் பதில் சொல்ல முடியல."