ஒரே சஹனில் மூவர்

நிக்காஹ் விருந்தைக் கெடுத்த பெருமை மவ்சூக்கையே சேரும். மனநல முதலுதவிப் பயிற்சி முடித்ததற்காக ஜமாஅத் அவர் விரலில் மாட்டிவிட்ட மோதிரம், அருகில் யாராவது மனமுடைந்திருந்தால் சிவக்கும். யாரென்று மட்டும் சொல்லாது. அவர் உட்பட மூன்று பேர் ஒரே சஹனில், அந்தப் பெரிய பொதுத் தட்டில், பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அது சிவந்தது. மவ்சூக் பாய்ந்து மாப்பிள்ளையின் நெய்க்கையைப் பிடித்தார்.

"தம்பி, சாகணும்னு தோணுதா?"

"இன்னைக்குத்தானே மாமா கல்யாணம்! அதுக்குள்ளயா?"

பந்தியே சிரித்தது. மவ்சூக்கும் சிரித்தார். மூன்றாவது ஆளான, மவ்சூக்கின் மைத்துனன் ஜரூக் மட்டும் சோற்றை அளைந்துகொண்டிருந்தான்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஜரூக் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மோதிரம் சிவந்திருக்கிறது. கோளாறு என்று அதை வீட்டில் கழற்றிவைத்தவர் அவர்தான். ஊரார் முன்னால் மட்டும் அணிவார். "தொழுகைக்கு வராம தூங்குற, அல்லாஹ் மேல ஈமான் குறைஞ்சிருச்சு உனக்கு" என்று அவனைக் கேலி வேறு.

கை கழுவுமிடத்தில் ஜரூக்கிடம், "எப்படி இருக்கே?" என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ் மச்சான்."

இந்தப் பதிலை வாங்கிக்கொண்டு எத்தனை முறை நிம்மதியாக நடையைக் கட்டியிருக்கிறார்! இம்முறை அவனுடைய ஈரக்கையை விடவில்லை.

"அது அல்லாஹ்வுக்குச் சொல்ற நன்றி. எனக்குப் பதில் சொல்லு."

ஜரூக் குழாயை மூடினான்.

"வாழப் பிடிக்கல மச்சான். நோன்பு மாசத்துலருந்தே."