டீச்சர் பொண்ணு ஏன் ஸ்கூலுக்கு வரலை?

"தன் சமையலைத் தானே சாப்பிடாத சமையல்காரரை யாராவது நம்புவாங்களா மேடம்?"

மருந்துக்கடைக்காரம்மா கேட்ட வேகத்தில் தலைமையாசிரியை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். காலையில் ரெண்டாங்கிளாஸ் டீச்சரின் கணவர் இருமல் மருந்து வாங்கக் கடைக்கு வந்திருந்தார். கூடவே ஆறு வயது மகள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த பொடி எழுத்துக் காகிதத்தை அந்த வாண்டு பிரித்துக் கடகடவென்று வாசித்தது. "அப்பா, இதைக் குடிச்சா தூக்கம் வருமாம். நைட் ஷிப்டுக்கு முன்னால குடிக்காதீங்க" என்று எச்சரிக்கை வேறு.

"இன்னைக்கு ஸ்கூல் இல்லையா பாப்பா?"

"நான் இப்ப வீட்டுலதான் படிக்கிறேன் ஆன்ட்டி. அப்பாதான் சொல்லித்தர்றாங்க. நாலாங்கிளாஸ் கணக்கு."

கடைக்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரையாண்டு லீவு வரைக்கும் அவள் இவருடைய மகனோடு ரெண்டாங்கிளாஸில் உட்கார்ந்திருந்தவள். சின்ன வயசிலேயே கெட்டிக்காரி என்று ஒரு வகுப்பு ஏற்றிப் போட்டிருந்தார்கள். அவள் நின்றுபோனதை மகன் சொல்லியிருக்கலாம். அவன் வீட்டில் வாயைத் திறந்தால்தானே!

கடையை உதவிக்கு இருந்த பெண்ணிடம் விட்டுவிட்டு நேரே பள்ளிக்கு வந்துவிட்டார்.

டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார்கள். சாக்பீஸ் தூள் ஒட்டிய கையைத் துடைத்தபடியே வந்து நின்றார்.

"உங்க பொண்ணுக்கு ஆகாத ஸ்கூல், என் பையனுக்கு மட்டும் எப்படிங்க ஆகும்?" என்றார் கடைக்காரம்மா.

"அப்படியெல்லாம் இல்லைங்க. பாப்பா படிப்புல கொஞ்சம் வேகம். அதான்..."

"வேகம்! எங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் மாட்டு வண்டி, உங்க பொண்ணு மட்டும் ரயிலா?"

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் தூளை மறுபடி துடைத்தார்.

"நீங்களே போன மீட்டிங்ல என்ன சொன்னீங்க? பையன் கிளாஸ்ல நல்லா பதில் சொல்றான்னு சொன்னீங்களா இல்லையா? முன்னெல்லாம் அவன் ஊமைக்கோட்டான். நானே நல்ல டானிக்கா பார்த்து எடுத்துக் கொடுத்தேன், இப்ப பாருங்க. ஒழுங்கா கவனிச்சா எந்தப் பிள்ளையும் படிக்கும். உங்க பொண்ணு ஒண்ணும் ஆகாசத்துலேர்ந்து குதிச்சிடலை."

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடைக்காரம்மாவின் முகத்தைப் பார்த்தார். அப்படியே முழுங்கிவிட்டார்.

தலைமையாசிரியை தொண்டையைச் செருமினார். "பொண்ணை நிறுத்தினப்ப சொந்தக் காரணம்னீங்க, நானும் கேக்கலை. ஆனா ஊர் வாயை யார் மூட முடியும்? இன்னைக்கு இவங்க வந்திருக்காங்க, நாளைக்கு நாலு பேர் வருவாங்க. டீச்சரே தன் பிள்ளையை அனுப்பாத ஸ்கூல்னு பேர் வந்துடும். திங்கக்கிழமை பாப்பா கிளாஸ்ல இருக்கணும். இல்லைன்னா நீங்க வேற இடம் பார்த்துக்கறதுதான் நல்லது."

வேலையை உதறிவிட்டுப் போகிற வசதி எல்லாருக்கும் வாய்க்குமா?

"சரிங்க மேடம். கூட்டிட்டு வர்றேன்."

டீச்சர் தலையைக் குனிந்தபடியே வகுப்புக்குத் திரும்பினார். மாட்டிக்கொண்டதில் வந்த வருத்தம் என்று கடைக்காரம்மா நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், மருந்து வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் மகன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். ஜெயித்துவிட்டு வந்தவர் சும்மா இருப்பாரா?

"டேய், உனக்கு ஒரு நல்ல சேதி. டீச்சர் பொண்ணு திங்கக்கிழமையிலேர்ந்து மறுபடி உங்க கிளாஸுக்கே வர்றா. அம்மா போட்ட போடுல டீச்சரால ஒரு வார்த்தை பேச முடியலை!"

பையன் பென்சிலைக் கீழே வைத்தான்.

"ஏன்மா அப்படிப் பண்ணே?"

"ஏன்டா, அவ உன்கூட சண்டை போடுவாளா?"

"இல்லை, நல்லவதான். சாயங்காலம் எங்ககூட விளையாட வருவாளே. ஆனா..." அவன் முகம் சுருங்கியது. "அப்ப இனிமே நான் கை தூக்க வேண்டாமாம்மா?"

"யார்றா அப்படிச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. அவ இருந்தப்ப டீச்சர் கேள்வியைக் கேட்டு முடிக்கறதுக்குள்ள பதில் சொல்லிடுவா. எப்பவும் கரெக்டா இருக்கும். அதனால நாங்க யாரும் யோசிக்கவே மாட்டோம்."

கடைக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். "அவ போனப்புறம்?"

"மொதல்ல யாருமே பேசலை. டீச்சர் திட்டவும் இல்லை, அவங்களே பதில் சொல்லவும் இல்லை. யாராவது கை தூக்கட்டும்னு சிரிச்சுக்கிட்டே நின்னாங்க. ரொம்ப நேரம். அப்புறம் நான்தான்மா மொதல்ல தூக்கினேன்."

"கரெக்டா சொன்னியா?"

"தப்பு. எல்லாரும் சிரிச்சாங்க."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

பையன் பென்சிலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "என் பக்கத்துல வந்து, தலையில கை வச்சு, 'உன் குரலைக் கேக்கத்தான்டா என் பொண்ணையே வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்'னாங்க."