முப்பத்தேழு புள்ளி ஏழு

"என் பொண்ணைக் கட்டிக்கணும்னா இந்த ஒரு கணக்கைப் போட்டுடுங்க, தம்பி. கால்சியம் கார்பனேட்ல கால்சியம் எத்தனை சதவீதம்?"

வேதியியல் வாத்தியார் ஒரு தாளையும் பேனாவையும் மேஜை மேல் தள்ளினார். பள்ளிக்கூடத்தில் அவருக்குச் 'சதவீதம்' என்றே பட்டப்பெயர். பித்தளைக் குழாய் மாட்ட வந்தவரிடம்கூட அதில் செம்பு எவ்வளவு என்று கேட்டு விழிபிதுங்க வைத்த மனிதர்.

எதிரே உட்கார்ந்திருந்த போட்டோகிராபர் பேனாவை எடுத்தான். கல்யாண வீடுகளில் அத்தனை பேரையும் சிரிக்க வைக்கிறவன். இன்று அவன் முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்டு வந்தபோதே வாத்தியார் கறாராகச் சொல்லிவிட்டார். "ஒரு சேர்மத்துல எந்தத் தனிமம் எவ்வளவு இருக்குன்னு கணக்குப் போடத் தெரியாதவருக்கு இந்த வீட்ல பொண்ணு கிடையாது. ஒரு வாரம் டைம். படிச்சுட்டு வாங்க."

"என்னங்க, பிள்ளை முதல்ல காபியைக் குடிக்கட்டுமே" என்றாள் அவர் மனைவி.

"கணக்கு முடியட்டும். இருக்கறதுலயே சுலபமானதைத்தான் குடுத்திருக்கேன்."

அது உண்மைதான். அவருக்கும் பையனைப் பிடித்துத்தான் இருந்தது. சொன்ன சொல்லை விட்டுக்கொடுக்க மனசில்லை, அவ்வளவுதான். அதனால், அணு எடைகளைக் கூட்டினால் கச்சிதமாக நூறு வருகிற கணக்காகப் பார்த்துக் கொடுத்திருந்தார். நாற்பது சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

அவன் முணுமுணுத்துக்கொண்டே எழுதினான். "கால்சியம் ஒண்ணு... கார்பன் ஒண்ணு... ஆக்சிஜன் மூணு... எல்லாத்தையும் கூட்டிக் கீழ போடணும். கால்சியத்தை மேல போடணும். நூறால பெருக்கணும்..."

வாத்தியார் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். பையன் தேறிவிடுவான்.

"முப்பத்தேழு புள்ளி ஏழு, சார்!"

சமையலறைக்குள் மகள் குஷியாகக் கைதட்டுவது கேட்டது. வாத்தியாரின் முகம் சுருங்கியது.

"தப்பு."

கைதட்டல் சட்டென்று நின்றது.

அவர் தாளை இழுத்துப் பார்த்தார். வழி சரி. வகுத்ததும் சரி. மொத்தம் மட்டும் நூற்றாறு.

"ஆக்சிஜன் ஒண்ணுக்கு எவ்வளவு எடை போட்டீங்க?"

"பதினெட்டு, சார்."

"பதினாறுதானே போடணும்! பதினெட்டுன்னு யார் சொல்லிக் குடுத்தது?"

அவன் கண் சமையலறைப் பக்கம் போய்த் திரும்பியது. "யாரும் இல்ல, சார். நானாத்தான் படிச்சேன். தப்பு என்னோடதுதான்."

"ஒரே ஒரு எண்ணுதானேங்க, பெரிய மனசு பண்ணி..." என்று இழுத்தாள் மனைவி.

வாத்தியார் கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

போட்டோகிராபருக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் போயிற்று. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். "நான் வரேன், சார்."

"எங்க கிளம்பிட்டீங்க? உக்காருங்க, மாப்பிள்ளை!"

அவனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"கணக்கு தப்புன்னு இப்பத்தானே சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"தப்புதான். எத்தனை ஆயிரம் பேப்பர் திருத்தியிருப்பேன்! ஆக்சிஜனுக்குப் பதினெட்டு போடறவ உலகத்துலயே ஒருத்திதான், நம்ம பொண்ணு. கெமிஸ்ட்ரி புத்தகத்தைக் கண்டாலே தலைவலின்னு, நான் கெஞ்சியும் ஓடி ஒளிஞ்சவ, இவருக்காக உக்காந்து பாடமே நடத்தியிருக்கா! மாட்டிக்கிட்டப்போ இவரும் அவளைக் காட்டிக் குடுக்கல. இதுக்கு மேல இவங்களுக்கு என்ன பரீட்சை வேண்டிக்கிடக்கு?"

சமையலறைக் கதவு மெல்லத் திறந்தது. மகள் தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"அப்போ ஆக்சிஜன் நிஜமாவே பதினெட்டு இல்லையாப்பா?"