தீவில் குளிக்கும் மகன்

“சுவரெல்லாம் வெள்ளை, கதவெல்லாம் நீலம். மறந்துடாத” என்றார் அந்தோணிசாமி.

“சாப்பாடு என்னன்னு கேட்டா?” என்றாள் ராஜாமணி.

“ரொட்டி, மீனு. ஜாஸ்தி பேசி மாட்டிக்காத.”

கிரேக்கத் தீவுக்கு அழைத்துப் போவதாக மகன் சார்லஸ் சொன்னதிலிருந்து, கடலூரில் அவர்கள் தெருவுக்கே இதே பேச்சு. ஞாயிறு பூசையில் ஃபாதர் அவர்கள் பயணத்துக்காக ஜெபம்கூடச் செய்தார்.

செல்போன் அடித்தது. பக்கத்து வீட்டு விருத்தாம்பாள்.

“ராஜாமணி, தீவுக்குப் போய்ச் சேந்துட்டீங்களா?”

“நேத்தே சேந்துட்டோங்கா. கடலு அப்பிடியே நீலமா இருக்கு.”

ஜன்னலுக்குக் கீழே கண்டக்டர் “கடலூர், கடலூர்” என்று கத்தினான். அந்தோணிசாமி பாய்ந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

லீவு கிடைக்கவில்லை என்று சார்லஸ் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டான். ஊரே ஜெபம் செய்த பிறகு அந்தத் தெருவில் எந்த முகத்தோடு நடப்பது? பெட்டியோடு கிளம்பி வந்து, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் பதுங்கிவிட்டார்கள்.

“சார்லஸ் கூடத்தான இருக்கான்?”

“ஆமாங்கா, குளிக்கிறான்.”

“அப்பிடியா? லீவு கெடச்சிடுச்சி, அம்மா எங்கன்னு கேட்டுக்கிட்டு எங்க வாசல்ல ஒருத்தன் நிக்கிறானே, அவன் யாரு?”

அறையில் புருஷனைத் தவிர யாருமில்லை. ஆனாலும் ராஜாமணி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.