களை நடுகிறவள்

சின்ன வயதில் கேட்ட ஒரு சத்தம் நர்ஸம்மாவுக்கு இன்னும் மறக்கவில்லை. அம்மா தோட்டத்தில் களை பிடுங்கும்போது, மண்ணை விட மனமில்லாமல் வேர் நறநறவென்று அறுந்துகொண்டு வரும் சத்தம். பாதித் தூக்கத்தில் அது காதில் விழுந்தால், அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று மறுபடி கண்ணை மூடிக்கொள்ளலாம்.

இந்த வீட்டு மாடிக்கு அவள் குடிவந்ததே கீழே இருந்த பூந்தோட்டத்துக்காகத்தான்.

தோட்டம் வீட்டுக்காரப் பெரியம்மாவுடையது. ரோஜா, சாமந்தி, மதில் ஓரம் முழுக்கக் காசித்தும்பை. காலையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை களை பிடுங்குவாள். கையோடு வாயும் ஓடும்.

"ஒரு நாள் பார்க்கலேன்னா காடாப் போயிடும்! நான் போய்ச் சேர்ந்துட்டா இங்க நரிதான் குடியிருக்கும்!"

பேச்செல்லாம் உள்ளே இருக்கும் மருமகளுக்கு. மகனுக்குக் கப்பலில் வேலை. வீட்டுக்கு வருவதே அபூர்வம். மருமகள் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அதிலிருந்து வீட்டோடு இருக்கிறாள். அவள் ஒரு வார்த்தை பதில் சொல்லி நர்ஸம்மா கேட்டதில்லை.

இரவு டியூட்டி முடிந்து வந்தும் தூக்கம் பிடிக்காத ஒரு மத்தியானம், நர்ஸம்மா ஜன்னலைத் திறந்தாள். மருமகள் ஒரு பையோடு கேட்டைச் சத்தமில்லாமல் திறந்து உள்ளே வந்தாள். ரோஜாப் பாத்தியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குச்சியால் குழி தோண்டி எதையோ நட்டாள். தண்ணீர் தெளித்தாள். மேல்மண்ணை உள்ளங்கையால் தடவிச் சரி செய்தாள்.

ஏதோ பூ நாற்று என்றுதான் நர்ஸம்மா முதலில் நினைத்தாள்.

இல்லை. கோரை. புல். வெறும் களை.

"அடிப்பாவி!"

மறுநாள் காலையில் பெரியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு புலம்பினாள். "நேத்துத்தானே சுத்தம் பண்ணேன்! எங்கேர்ந்துதான் முளைக்குதோ!"

நர்ஸம்மா மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வாய்க்கு வாய் பதில் சொல்லத் துப்பில்லாமல், வயசானவளின் இடுப்பையா ஒடிப்பது?

அன்று மத்தியானம் கீழே இறங்கிப் போய், மருமகளைக் கையும் களையுமாகப் பிடித்தாள்.

"ஏம்மா, அவங்க பேசறது பிடிக்கலேன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லு. இப்படியா பழி வாங்கறது?"

"மெதுவா நர்ஸக்கா! அத்தை எழுந்துடுவாங்க."

"எழுந்திருக்கட்டும். வந்து பார்க்கட்டும்."

மருமகள் கையிலிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒருநாள் மனசு கேட்காம, அவங்களுக்கு உதவியா இருக்கட்டும்னு நானே மொத்தத்தையும் பிடுங்கிட்டேன். காலையில வந்து தடவித் தடவிப் பார்த்தாங்க. ஒண்ணுமில்லை. 'சரி, இனிமே எனக்கு இங்க என்ன வேலை'ன்னு போய்ப் படுத்தவங்கதான். சாப்பாடு வேண்டாம், பேச்சு வேண்டாம். என்னைத் திட்டக்கூட இல்லைக்கா."

"திட்டலையா?"

"அதான் பயந்துட்டேன். ஓடிப்போய் ரோட்டோரத்துல இருந்த புல்லைப் பறிச்சிட்டு வந்து நட்டேன். 'அத்தை, மறுபடி முளைச்சிருக்கு'ன்னு சொன்னதும் எழுந்து வந்து, ஆசை தீரத் திட்டினாங்க. அவங்ககிட்ட சொல்லிடாதீங்கக்கா."

நர்ஸம்மா மாடி ஏறினாள்.

மறுநாள் டியூட்டியிலிருந்து வந்தவள் நேரே தோட்டத்துக்குப் போய்ப் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் நகருங்க பெரியம்மா. நானும் ரெண்டு பிடுங்கறேன்."

ஒரு கொத்துப் புல்லைப் பிடித்து இழுத்தாள். வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல வந்துவிட்டது.

"என்ன, சத்தம் வரலையா?" பெரியம்மா தலை நிமிராமல் கேட்டாள்.

நர்ஸம்மா கையிலிருந்த புல்லைத் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்குக் கண்ணுதான் மங்கல். காதும் கையும் இன்னும் ரிட்டயர் ஆகலை. தானா முளைச்ச களை நறநறன்னு சண்டை போட்டுக்கிட்டுத்தான் வரும். நேத்து நட்டது, இழுத்த இழுப்புக்கு வரும்."

"தெரிஞ்சுமா பெரியம்மா? இந்த இடுப்பு வலியோட?"

பெரியம்மா புல்லின் வேரில் இருந்த மண்ணை உதறினாள்.

"வேலை போனதுலேர்ந்து அவ கதவைச் சாத்திட்டுக் கிடந்தா. தலை வாரலை. திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். அசையலை. ஒருநாள் வந்து களையைப் பிடுங்கிட்டு மறுபடி கதவைச் சாத்திக்கிட்டா. நான் ரெண்டு நாள் நிஜமாவே படுத்தேன், அவ எழுந்துட்டா. இப்போ தினம் மத்தியானம் தலை வாரிக்கிட்டுத் தெருத்தெருவாப் போய்க் களை தேடறா. நான் பிடுங்கலேன்னா, பாவம், அவ எங்க நடுவா?"

வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. பெரியம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"அவகிட்ட சொல்லிடாதே."

உடனே குரலை உயர்த்தினாள். "சனியன், எங்கேர்ந்துதான் முளைக்குதோ!"

நர்ஸம்மா இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.

பெரியம்மா அடுத்த வருஷ மழைக்காலத்தில் காலமானாள். மருமகள் இப்போது ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை பார்க்கிறாள். எந்த வேலை சொன்னாலும் செய்கிறேன், களை பிடுங்க மட்டும் கூப்பிடாதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டாளாம்.