வாங்க, போங்க

"டீ குடிச்சீங்களா?"

தோசையைத் திருப்பப் போனவள் அப்படியே நின்றாள்.

குடிச்சீங்களா.

யாராவது வந்திருக்கிறார்களோ என்று கூடத்தை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. அவள் புருஷன் இருந்தான். கீழே உட்கார்ந்து ஷூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் மகள் மிதுனா.

தன்னைத்தான் கேட்டிருக்கிறான்.

மற்ற நாளில் அவள் அவனுக்கு 'ஏய்'. கோபம் வந்தால் 'ஏண்டி'. அவள்தான் அவனை வாங்க, போங்க என்பாள். தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அந்த 'ஏய்' காதில் விழுந்தால் அவளுக்கு வயிறு குளிரும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

முதல் தடவை அவள் ஏமாந்துதான் போனாள். கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்துத் திடீரென்று மரியாதை. சாப்பிட்டீங்களா, கால் வலிக்குதா, உக்காருங்க. ஊருக்குப் போன் போட்டு, "உன் மருமகன் மாறிட்டாரும்மா" என்று பீற்றிக்கொண்டாள். எதிர்வீட்டு கனகவல்லி, "கட்டுனா இப்படி ஒருத்தரைக் கட்டணும்" என்று பெருமூச்சு விட்டாள்.

ஒன்பது நாள் அந்தச் சந்தோஷம். ஒன்பது நாளும் அவன் தூங்கவில்லை. பத்தாம் நாள் மொட்டை மாடியில் ஏறி நின்று தெருவையே வாங்க, வாங்க என்று கூப்பிட்டான்.

பைபோலார் என்றார் டாக்டர்.

வீட்டில் அதற்கு ஏத்தம், இறக்கம் என்று பேர். இறக்கத்தில் அவன் யாரையும் எப்படியும் கூப்பிட மாட்டான். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். அவள் ஊட்டினால் இரண்டு வாய். அதையாவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம். ஏத்தத்தைப் பிடித்து வைக்க முடியாது.

போன வருஷம் வந்தது இரண்டாவது ஏத்தம். பள்ளிக்கூடத்துக்கென்று பிள்ளையை வண்டியில் வைத்துக் கிளம்பியவன், பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தான். மகளுக்குக் கடல் காட்ட வேண்டுமாம். மதுரையிலிருந்து! போன் அணைந்திருந்தது. சாயங்காலம் ராமநாதபுரத்துக்கு அந்தப் பக்கம், பெட்ரோல் தீர்ந்த வண்டியோடு கண்டுபிடித்தார்கள். பிள்ளையை முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தான். அது தூங்கிக்கொண்டிருந்தது.

பாவி மனுஷன். அன்று அவள் செத்துப் பிழைத்தாள்.

"அப்பா சூப்பரா ஓட்டுனாரும்மா" என்றது பிள்ளை.

எல்லாம் அடங்கி அவன் நன்றாக இருந்த ஒரு நாள், அவள் தயங்கித் தயங்கி அவனிடமே சொன்னாள். உங்களுக்கு வரப்போகுதுன்னா முதல்ல நீங்கன்னு கூப்பிடுறீங்க. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பொண்டாட்டிக்கு மரியாதை குடுத்தா வியாதியாடி?"

அவளும் சிரித்தாள். அத்தோடு விட்டாள்.

தோசை கருகியது.

மணி எட்டேகால். வண்டிச் சாவி டிவி மேலே. அவள் அடுப்படியில். நடுவில் அவன்.

மாத்திரை அட்டையைக் காலையில்கூடப் பார்த்தாள். ஓட்டைகள் சரியாகத்தான் இருந்தன. விழுங்கினானா, துப்பினானா என்று அட்டையா சொல்லும்?

பாய்ந்து எடுக்கலாம். போன தடவை, வீடு திரும்பிய பிறகு மறுபடி கிளம்பியவனை அப்படி மறித்தபோது அவன் தள்ளிவிட்டதில் கதவு இடித்து நெற்றியில் மூன்று தையல். பிள்ளைக்கு வயிற்றுவலி என்று சொல்லலாம். அது சும்மா இருக்காது, "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று குதிக்கும்.

அடுப்பை அணைத்தாள். சேலையில் கையைத் துடைத்தபடி, குரலை எப்போதும்போல வைத்துக்கொண்டு சொன்னாள்.

"இன்னிக்கு நான் கொண்டுபோய் விடுறேங்க. மிஸ்ஸைப் பாக்கணும்."

அவன் திரும்பினான். சிரித்தான். கண்ணில் அந்தப் பளபளப்பு.

கடவுளே.

அவன் கை நீண்டு சாவியை எடுத்தது.

"ஐ, போலாம்!" மிதுனா பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

அவனும் நடந்தான். சாவி வளையத்தை விரலில் போட்டுச் சுற்றிக்கொண்டே நடந்தான். கத்த நினைத்தாள். கத்தினால் இன்னும் வேகமாகக் கிளம்பிவிடுவான்.

நிலைப்படியில் அவன் நின்றான்.

சாவி சுற்றுவது நின்றது.

வெளியே மிதுனா ஸ்கூட்டர் மேல் ஏறி நின்று பாம் பாம் என்று வாயாலேயே ஹாரன் அடித்தாள்.

அவன் முதுகு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு கையால் நிலையைப் பிடித்திருந்தான்.

திரும்பி வந்தான். அவள் கையை விரித்துச் சாவியை வைத்தான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினான்.

"நீங்கன்னு சொன்னேன்ல," என்றான். "என் காதுலயே விழுந்துச்சு."

அவள் சாவியை இடுப்பில் செருகினாள்.

"டாக்டர்கிட்ட இப்பவே கூட்டிட்டுப் போயிருங்க. கொஞ்ச நேரம் போனா நான் வரமாட்டேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்கு நேரம் இல்லை. அவன் கையைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள்.

"வா," என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவனை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"வா, போவோம்."

அவன் குனிந்து செருப்பைத் தேடினான்.