கூடைக்கு அடியில்

“இன்னா வக்கீலே, செல்வம் தப்பிச்சுக்குவானா, மாட்டானா? அத்தச் சொல்லு மொதல்ல.”

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொக்கம்மாள் கேட்டுவிட்டாள். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவள். ராயபுரத்தில் துணிக்கடை மாடியிலிருந்த அந்தச் சின்ன அறைக்கு அவள் குரல் ரொம்பப் பெரிது.

வக்கீல் வெள்ளத்துரை சிரித்தார். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் மாட்டியவர்களை வெளியே கொண்டுவருவதில் அந்த வட்டாரத்தில் அவருக்குப் பெரிய பெயர்.

“உக்காருங்கம்மா. பையனை நேத்துதானே அரெஸ்ட் பண்ணாங்க? அதுக்குள்ள பதறினா எப்படி? உங்க வீட்டு அய்யா வரலியா?”

“எம்.சி. ரோட்டுல வண்டிய நிறுத்த எடம் தேடிகினு கீறாரு. அவருதான் உன்னாண்ட இட்டாந்தாரு. வெள்ளத்துரை கையில குடுத்தா கேஸு காத்துல பறந்துடும்னாரு.”

“இடம் கிடைச்சு அவர் வர்றதுக்குள்ள நாம கேஸையே முடிச்சுடலாம்!” வெள்ளத்துரை தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். “உங்களைத் தெரியாதவங்க யாரு? உங்க கூடையில மட்டும் மேலயும் அடியிலயும் ஒரே மீன்தான்னு என் சம்சாரம் சொல்லுவா.”

“கூடையக் கவுத்துக் கொட்டிட்டுத்தான் நான் ஏலம் கூவுவேன். அடியில நாறுனது கெடந்தா என் கையாலயே எடுத்து எறிஞ்சிடுவேன். அத்த வுடு. கேஸுக்கு வா.”

“அந்தப் பொண்ணு யாரு?”

“நம்ம ஷெட்டுல எறா உரிக்கிற பொண்ணு. இருவது வயசு. அப்பன், ஆத்தா கெடையாது.”

“கேக்க ஆளில்லாத பொண்ணு. நல்லதாப் போச்சு” என்று வெள்ளத்துரை பேனாவைத் திறந்தார். சொக்கம்மாள் அந்தப் பேனாவையே பார்த்தாள்.

“முதல்ல, புகாரை லேட்டா குடுத்தாங்கன்னு அடிப்போம்.”

“முந்தாநாள் நடந்துச்சு. முந்தாநாளே குடுத்தாச்சு.”

“சரி. போட்டிருந்த துணியைத் துவைச்சிருப்பாங்க. டாக்டர்கிட்ட காட்டியிருக்க மாட்டாங்க.”

“துவைக்கல. அப்டியே பையில போட்டு போலீசாண்ட குடுத்தாச்சு. பெரியாஸ்பத்திரியிலயும் காட்டியாச்சு.”

வெள்ளத்துரை நிமிர்ந்தார். “அடேங்கப்பா! எல்லாத்தையும் விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கீங்க. இப்படி ஒரு தாய் கிடைக்க உங்க பையன் குடுத்து வெச்சிருக்கணும்.”

சொக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “மேல சொல்லு.”

“அன்னைக்குப் பையன் ஊர்லயே இல்ல, போட்டுல கடலுக்குப் போயிருந்தான்னு சொல்லிடுவோம்.”

“மீனு துன்றியே, இது மீனு புடிக்கத் தடக்காலம்னு தெரியாதா? போட்டு எல்லாம் கரையில கட்டிக் கெடக்குது. இவன் மட்டும் நீந்திகினு போயி வல போட்டானா?”

“ஓ, அதான் வீட்டுல வஞ்சிரத்தையே காணோமா!” வெள்ளத்துரை அசடு வழிந்தார். “சரி, அந்தப் பொண்ணுகிட்ட ஆள் விட்டுப் பேசலாம். பயந்துக்கும்.”

“பேச முடியாது. அது எங்க கீதுன்னு ஒரு பொம்பளைக்குத்தான் தெரியும். ஷெட்டு கதவத் தொறந்து பாத்தவ அவதான். பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனவளும் அவதான்.”

“ஓஹோ! கண்ணால பார்த்த சாட்சி!” வெள்ளத்துரைக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “கூண்டுல ஏத்தி ஒரு வழி பண்ணிடறேன். உங்க குடும்பத்து மேல அவளுக்குப் பகைன்னு காட்டினாப் போதும். ஏலத்துல போட்டியா? இடத் தகராறா?”

“பகையா? செல்வத்து மேல உசுரையே வெச்சிருந்தவ அவ.”

பேனா நின்றது. “சொந்தமா?”

“சொந்தம்தான்.”

“அது பேஜாராச்சேம்மா! ஆகாதவ சொன்னா பொய்யின்னு சொல்லலாம். உசுரா இருந்தவளே வந்து சொன்னா, ஜட்ஜ் அப்படியே எடுத்துக்குவார். அந்த ஒரு சாட்சி உறுதியா நின்னுட்டா, பையனை யாராலயும் வெளியே கொண்டுவர முடியாது. என்னாலயும்தான்.”

“அவ ஒருத்தி சொல்லு போதுமா?”

“தாராளமாப் போதும். ஆனா நிக்க மாட்டா. உறவு மொத்தமும் காறித் துப்பும். கோர்ட்டுக்கு வர்றதுக்குள்ள மனசு மாறிடுவா. மாத்தறதுக்கு ஒரே ஆள்தான், நீங்க! பெத்த வயிறு எரியுதுன்னு அவகிட்ட அழுங்க. கல்லும் கரையும்.”

“அழுதாச்சு நைனா. ரெண்டு ராத்திரியா அழுதுகினுதான் கீறேன். கரையல.”

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. “ஒருவழியா எடம் கெடச்சுதும்மே!” என்று மூச்சிரைக்கும் ஆண் குரலும் கேட்டது.

சொக்கம்மாள் எழுந்துகொண்டாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. குரல் மட்டும் ஏலம் முடிக்கும்போது இருப்பதைப்போலத் தெளிவாக இருந்தது.

“அவருதான் வராரு. அந்தப் பொம்பள யாருன்னு அவருக்கு இன்னும் தெரியாது. எனக்குச் சொல்ல வாய் வரல. நீயே சொல்லிடு.”

“சொல்லிடறேன்மா. யாரு அவ?”

“ஷெட்டு கதவத் தொறந்தவ நான்தான்.”